அந்த நாலெழுத்து

மூன்று வருடங்களுக்கு முன், பங்குனி வெயில் ஏறத் தொடங்கியிருந்த நேரம். கம்பத்தில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் எங்கள் கடையில்தான் இது ஆரம்பித்தது. கடை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு ஜெராக்ஸ் மிஷின், ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், நடுவில் நானும் என் கணவரும். ஜெராக்ஸும் லேமினேஷனும் அவர் பொறுப்பு. டைப்பிங் என்னுடையது. பட்டா மாறுதல் மனு, குடிதண்ணீர் வரவில்லை என்று மனு, போலீஸ் ஸ்டேஷனுக்குப் புகார், கல்லூரிப் பிள்ளைகளின் ப்ராஜெக்ட் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் நாளெல்லாம் தட்டிக்கொண்டே இருப்பேன்.

நான் படித்தது ப்ளஸ் டூ வரைக்கும்தான். அதுவும் தமிழ் மீடியம். அதன் பிறகு டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போனேன், அது முடிவதற்குள் கல்யாணம் முடிந்துவிட்டது. என் நாத்தனார்கள், ஓரகத்தி எல்லோரும் டிகிரி முடித்தவர்கள். யாராவது என்ன படித்திருக்கிறாய் என்று கேட்டால், ப்ளஸ் டூ என்று சொல்லும்போது என் குரல் தானாகவே இறங்கிவிடும்.

ஒரு மத்தியான நேரம் காமயகவுண்டன்பட்டியிலிருந்து ஓர் அம்மாவும் மகளும் வந்தார்கள். அந்த அம்மாவின் விரல் இடுக்குகளில் திராட்சைக்கு மருந்தடித்த நீலக்கறை இருந்தது. மகளுக்கு இருபத்தேழு, இருபத்தெட்டு வயது இருக்கும். கண்கள் திறந்துதான் இருந்தன. ஆனால் நான் பேசும்போது முகம் ஜெராக்ஸ் மிஷின் பக்கமே இருந்தது. அப்புறம்தான் அவளுக்குப் பார்வை இல்லை என்று எனக்குப் புரிந்தது.

தபால் வழியில் பி.ஏ. தமிழ் படிக்கிறாள். எல்லாப் பேப்பரும் முடிந்துவிட்டன, ஆங்கிலத்தில் இரண்டாவது பேப்பர் மட்டும் நிற்கிறது. அதற்கு ஒரு விண்ணப்பம் டைப் செய்ய வேண்டும். பார்வையில்லாதவர்கள் பரீட்சை எழுதும்போது அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு ஒருவரை உடன் அழைத்துப் போகலாம் இல்லையா, ஸ்கிரைப் என்று சொல்கிறார்களே, அதற்கான விண்ணப்பம்.

“ஸ்கிரைப் யாரு? பேரு சொல்லுங்க” என்றேன்.

“அதாந்தா இன்னும் அமையல” என்றார் அந்த அம்மா. “உங்களுக்குத் தெரிஞ்ச படிச்ச ஆளுக யாராச்சும் இருந்தாச் சொல்லுங்க. ஆனா ரொம்பப் படிச்சிருக்கப்புடாதாம். டிகிரி முடிச்சவுக எழுதுனா ஒத்துக்க மாட்டாகளாம். அதுக்காக எழுதத் தெரியாத ஆளக் கூட்டிட்டுப் போக முடியுமா?”

என் கணவர் ஜெராக்ஸ் மிஷினிலிருந்து தலையைத் திருப்பாமலேயே, “ஏன், இவ இருக்காளே. ப்ளஸ் டூ. இங்கிலீஷ் டைப்பிங்ல தப்பே வராது” என்றார்.

என் ப்ளஸ் டூ ஓர் இடத்தில் ‘சரியான தகுதி’யாக ஆனது என் வாழ்க்கையில் அன்றைக்குத்தான். சிரிப்பு வந்தது. சரி என்று சொல்லிவிட்டேன். விண்ணப்பத்தில் என் பெயரை நானே டைப் செய்தேன்.

அவள் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது வந்த ஒரு காய்ச்சலில் பார்வை நரம்பு கெட்டுப்போயிருக்கிறது. மதுரைக்கும் கொண்டு போய்ப் பார்த்தார்களாம், ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்ச வருடம் வீட்டோடு இருந்திருக்கிறாள். பிறகு யாரோ பாடங்களைப் படித்துப் பதிந்து கொடுத்த ஒலிப்பதிவுகளைக் கேட்டே பத்தாம் வகுப்பையும் ப்ளஸ் டூவையும் தனித்தேர்வராக முடித்துவிட்டு, பி.ஏ.வுக்கு வந்திருக்கிறாள். தேனியில் ஒரு மருத்துவமனையில் போன் எடுத்துப் பேசும் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். டிகிரி முடித்தவர்களைத்தான் எடுப்பார்களாம். வீட்டில் அண்ணன், இந்தத் தடவையும் போச்சென்றால் படிப்பை விட்டுவிடு என்று சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஒவ்வொரு பரீட்சைக்கும் அம்மா கூலியை விட்டுவிட்டுக் கூடப் போக வேண்டியிருந்தது.

பரீட்சைக்கு முன்னால் கொஞ்சம் பழகிக்கொள்ளலாம் என்று மத்தியான வேளைகளில் டவுன் பஸ் ஏறி கடைக்கு வரச் சொன்னேன். அந்நேரம் கடையில் கூட்டம் இருக்காது. முதல் நாள் அவள் ஒரு பத்தி சொல்ல, நான் எழுதினேன். ஆங்கிலத்தை அவள் உச்சரித்த விதத்தைக் கேட்டு நான் அசந்துபோனேன். டிவியில் செய்தி வாசிப்பவர்களைப் போல அப்படி ஒரு சுத்தம்.

“அக்கா, பெரிய வார்த்தை எல்லாம் நானே எழுத்து எழுத்தாச் சொல்லிருவேன். நான் சொன்ன எழுத்த மட்டும் எழுதுங்க” என்றாள்.

அப்படித்தான் ‘டஃப்’ என்ற வார்த்தை வந்தது. கடினம் என்று அர்த்தம். அவள் எழுத்துச் சொன்னாள்: “டி, யூ, எஃப், எஃப்.”

“இல்ல தங்கச்சி. டி, ஓ, யூ, ஜி, ஹெச்.”

“ஜி, ஹெச்சா? அது எதுக்கு அங்கன வருது?”

எனக்கு என்ன தெரியும்? டைப் செய்யும்போது விரல் அங்கே போகும், அவ்வளவுதான். “தெரியல. இன்னும் நிறைய வார்த்தையில இப்படித்தான் வரும். த்ரௌக், இனௌக், கௌக்...” என்று அடுக்கினேன்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்தது. “அக்கா, முதல்ல சொன்னத இன்னொரு தடவ சொல்லுங்க?”

“த்ரௌக். த்ரௌக் ப்ராப்பர் சேனல்னு மனுவில போடுவாங்கல்ல. உரிய வழியாகன்னு.”

“அது த்ரூ, அக்கா. அடுத்தது இனஃப். அதுக்கடுத்தது காஃப், இருமல்.”

எத்தனை வருடமாக அந்த வார்த்தையை டைப் செய்துகொண்டிருக்கிறேன்! பிறர் கையால் எழுதி வருவதைப் பார்த்துப் பார்த்துத் தட்டியதால், அதன் சத்தம் எனக்குத் தெரியவே தெரியாது. என் முகம் சூடாகிப்போனது. அவளுக்கு அது தெரிந்திருக்காது என்றுதான் நினைத்தேன். ஆனால் உடனே கையை நீட்டி மேஜையைத் தடவி, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, நான் இந்த வார்த்தைய எல்லாம் கண்ணு போனதுக்கப்புறம் காதால மட்டும் கேட்டவ. நீங்க கண்ணால மட்டும் பார்த்தவுக. நம்ம ரெண்டு பேரும் சேந்தாத்தான் ஒரு ஆளு.”

அன்றிலிருந்து மத்தியானங்கள் எல்லாம் ஓ, யூ, ஜி, ஹெச்சுக்கே போயின. நான் எழுத்தைச் சொல்வேன், அவள் சத்தத்தைச் சொல்வாள். எங்கள் குரலை அவள் போனில் பதிந்துகொள்வாள். டவுன் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் அதைக் கேட்பாளாம். வாங்கினேன் என்பதற்கு ‘பாட்’, நினைத்தேன் என்பதற்கு ‘தாட்’, கொண்டுவந்தேன் என்பதற்கு ‘ப்ராட்’. மூன்றும் ஒரே மாதிரி முடிகின்றன என்று சந்தோஷப்பட்டால், வறட்சி என்பதற்கு ‘ட்ரௌட்’ என்று குறுக்கே ஒன்று வந்து நிற்கும். ஏர் உழுவதற்கு ‘ப்ளௌ’. ஆனாலும் என்பதற்கு ‘தோ’. அந்த நான்கு எழுத்தும் ஒவ்வொரு வார்த்தையிலும் ஒவ்வொரு சத்தம். எனக்கே தலை சுற்றியது.

ஒருநாள் அவள் அம்மா உள்ளே பெஞ்சில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். “என் தங்கச்சியக் குமுளிப் பக்கம் கட்டிக் குடுத்தோம்த்தா. எங்கூடப் பெறந்தவதான். இப்ப அவ வாயத் தெறந்தா பாதி மலையாளம். அதுமாதிரிதான் போல, போன எடத்துக்குத் தக்கன பேச்சு மாறிருது” என்றார். அவளும் நானும் விழுந்து விழுந்து சிரித்தோம். அதற்கப்புறம் எந்த வார்த்தை வந்தாலும், “இது எந்த ஊர்லக்கா வாக்கப்பட்டிருக்கு?” என்று கேட்பாள்.

இப்படியே பழகிப் பழகி, ஒருநாள் நான் அசட்டுத்தனமாக ஒன்று சொல்லிவிட்டேன். “எதுக்கு இவ்வளவு கஷ்டப்படுற? பரீட்சையில எழுத்து தெரியாத வார்த்தை வந்தா நீ சும்மா வார்த்தையச் சொல்லு. நான் சரியா எழுதிர்றேன். யாருக்குத் தெரியப்போகுது?”

அவள் போனை அணைத்துக் கைப்பைக்குள் வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

“முதல் ஆங்கிலப் பேப்பர்ல அப்படித்தான்க்கா நடந்துச்சு. எழுத வந்தவுக நல்லவுகதான். பாவம் பாத்து, நான் சொன்னதை விட்டுட்டு அவுக இஷ்டத்துக்கு நல்லா எழுதிட்டாக. நல்ல மார்க்கு. வீட்ல எல்லாத்துக்கும் சந்தோஷம். ஆனா பாஸானது அவுகதானே? நான் அங்கன சும்மா உக்காந்திருந்தேன். ரெண்டாவது ஆங்கிலப் பேப்பருக்கு வேற ஒருத்தர் வந்தாரு. நான் சொன்ன சத்தத்துக்குத் தக்கன எதையோ எழுதி வச்சு ஃபெயிலு. எது என்னோட மார்க்குன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியலக்கா.”

இனி அப்படிச் சொல்ல மாட்டேன் என்று மட்டும் சொன்னேன்.

பரீட்சை பெரியகுளத்தில் ஒரு கல்லூரியில். மதியம் இரண்டு மணிக்கு. அது தேனிக்குப் போகும் வழியிலுள்ள வீரபாண்டியில் அம்மன் திருவிழா நேரம் என்பதை நாங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை. காலையிலேயே அவளும் அவள் அம்மாவும் நானும் கம்பத்தில் பஸ் ஏறியும், சின்னமனூர் தாண்டியதும் வண்டி ஊர ஆரம்பித்தது. ரோடெல்லாம் மஞ்சள் சேலையும் வேப்பிலையும்தான். தீச்சட்டி எடுக்கப் போகிறவர்கள், அவர்களோடு போகிற சொந்தபந்தம், கொட்டுச் சத்தம். பிறகு போலீஸ்காரர்கள் பஸ்ஸை வேறு வழியில் திருப்பிவிட்டார்கள். அது எங்கெங்கோ வயல் நடுவில் சுற்றிக்கொண்டு போனது.

நான் நிமிஷத்துக்கு ஒரு தடவை மணி பார்த்துக்கொண்டிருந்தேன். அவளோ ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, “டஃப், ரஃப், இனஃப்... தோ, ஆல்தோ...” என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். பக்கத்தில் மடி நிறைய வேப்பிலையோடு உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் கேட்டார், “என்னத்தா, பிள்ள ஏதோ மந்திரம் சொல்லுது? எந்தக் கோயிலுக்கு நேந்துருக்கு?”

“பரீட்சைக்குப் போகுது பாட்டி.”

“அப்பச் சரி” என்றவர், மடியிலிருந்து ஒரு கொத்து வேப்பிலையை எடுத்து அவள் கையில் திணித்தார். “ஆத்தா பாத்துக்கிருவா. நல்லா எழுது தாயி.” அவள் அந்த இலையை முகர்ந்து பார்த்துவிட்டுக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

தேனியில் இறங்கி, அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் ஆட்டோ பிடித்து, கல்லூரி வாசலில் நாங்கள் இறங்கும்போது மணி அடித்துவிட்டது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஓடாத குறையாக நடந்தேன். அவள் அம்மா வெளியே வேப்பமரத்தடியில் நின்றுவிட்டார்.

எங்களுக்குத் தனி அறை. பொதுவாக எல்லோரோடும் உட்கார வைத்தால் சொல்லும் சத்தம் மற்றவர்களுக்குத் தொந்தரவு என்பதால் அப்படி ஒரு ஏற்பாடு. மேற்பார்வைக்கு ஒரு மேடம் இருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர், முகத்தில் சிரிப்பே இல்லை. எங்கள் காகிதங்களை எல்லாம் இரண்டு தடவை பார்த்தார். என் ப்ளஸ் டூ சான்றிதழையும் வாங்கிப் பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார்.

“அவங்க சொல்றத மட்டும்தான் நீங்க எழுதணும். நீங்களா ஒரு எழுத்துச் சொன்னாலும், எழுதுனாலும், பேப்பரை வாங்கி வச்சிட்டு மேல ரிப்போர்ட் அனுப்பிருவேன். அப்புறம் என்கிட்ட அழக் கூடாது.”

பயந்துகொண்டேதான் பேனாவை எடுத்தேன்.

ஆனால் எழுத ஆரம்பித்ததும் பயம் குறைந்தது. நான் கேள்வியைப் படித்துக் காட்டுவேன், என் உச்சரிப்புக்கு அவள் உதட்டோரம் லேசாகச் சிரிப்பாள், கொஞ்சம் யோசித்துவிட்டுப் பதில் சொல்வாள். முன்பே பேசி வைத்தபடி சின்ன வார்த்தைகளை நேராகவும், சிக்கலானவற்றை எழுத்தெழுத்தாகவும் சொன்னாள். ‘ஆல்தோ’ வந்தது, தடங்கலில்லாமல் சொன்னாள். ‘ப்ராட்’ வந்தது. ‘இனஃப்’ வந்தது. ஒவ்வொரு தடவையும் ஓ, யூ, ஜி, ஹெச் என்று அவள் அடுக்கும்போது, என் மனசுக்குள் பட்டாசு வெடிக்காத குறைதான்.

கடைசிப் பகுதியில் ஒரு கடிதம். உங்கள் தெருவில் விளக்குகள் எரியவில்லை என்று அதிகாரிக்கு எழுத வேண்டும். கேள்வியைப் படித்ததும் அவள், “எனக்குன்னு பாத்துக் கேட்டிருக்காக பாருங்க” என்று மெல்லச் சொல்லிச் சிரித்தாள். மேடம் நிமிர்ந்து பார்த்தார். உடனே வாயை மூடிக்கொண்டாள்.

கடிதத்தை நன்றாகவே சொல்லிக்கொண்டு வந்தாள். பெண்கள் வேலை முடிந்து இருட்டில் வீட்டுக்கு வரப் பயப்படுகிறார்கள் என்று சொன்னாள். முதியவர்கள் பள்ளத்தில் விழுகிறார்கள் என்று சொன்னாள். ஆகவே தாங்கள் ஒரு முழுமையான ஆய்வு செய்ய வேண்டும் என்று கேட்கும் வரி வந்தது. முழுமையான என்பதற்கு அவள் சொன்ன வார்த்தை, ‘தரோ’.

எங்கள் கடைக்கு ஒரு வக்கீல் குமாஸ்தா வருவார். அவர் எதையும் எழுதிக்கொண்டு வர மாட்டார், பக்கத்தில் நின்று வாயால் சொல்லித்தான் டைப் செய்ய வைப்பார். ‘தரோ என்கொயரி’ என்ற சொல் இல்லாமல் அவருடைய மனு முடியாது. எத்தனை முறை தட்டியிருப்பேனோ! அவள் வாயிலிருந்து அந்தச் சத்தம் வந்ததுதான் தாமதம், என் கை அதை முழுசாக எழுதிவிட்டது. டி, ஹெச், ஓ, ஆர் வரைக்கும் எழுதி, பின்னாலேயே நம்முடைய அந்த நான்கு எழுத்தும். எங்கள் மத்தியான வகுப்புகளில் இந்த ஒரு வார்த்தை மட்டும் எப்படியோ எங்கள் இருவர் கண்ணிலும் காதிலும் படாமலே போயிருந்தது.

அவள் அதன் பிறகுதான் எழுத்துச் சொல்ல ஆரம்பித்தாள். “டி... ஹெச்... ஓ... ஆர்...” நின்றாள். நெற்றி சுருங்கியது. “ஓ?” என்றாள், கேள்வியாக. அதோடு முடித்துவிட்டாள். 

பேப்பரில் சரியான வார்த்தை உட்கார்ந்திருக்கிறது. அவள் சொன்னது தப்பு. மேடம் ஜன்னலோரம் இருக்கிறார், அவருக்கு அங்கிருந்து எழுத்து தெரியாது. ‘எழுதிட்டேன், அடுத்ததைச் சொல்லு’ என்று சொன்னால் முடிந்தது. அதைச் சொல்ல வாயைத் திறந்தும்விட்டேன்.

அதற்குள் அவள் தணிந்த குரலில் சொன்னாள், “அக்கா, பேனாச் சத்தம் எனக்கு முன்னாடியே போயிருச்சே.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் அத்தனை நேரமும் என் பேனா காகிதத்தில் ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள்.

“தெரியாம கை போயிருச்சு தங்கச்சி” என்று முணுமுணுத்தேன். “எழுதுனது சரியானதுதான். இருந்துட்டுப் போகட்டுமே.”

“எனக்குத் தெரியாத எழுத்து என் பேப்பர்ல எதுக்குக்கா? அடிச்சிருங்க.”

நான் அடித்தேன். அடித்த அவசரத்தில் கோடு நீளமாக இழுத்துவிட்டது. அந்தச் சத்தத்துக்கோ, நாங்கள் பேசியதற்கோ, மேடம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். எங்கள் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

“என்ன பேசுனீங்க ரெண்டு பேரும்? என்ன வார்த்தை அது, எதுக்கு அடிச்சிருக்கு?”

ஏதாவது சமாளித்துச் சொல்ல வேண்டும் என்று மூளை பரபரத்தது. ஆனால் அந்த அம்மா வெளியே மரத்தடியில் நிற்பதும், இதுதான் கடைசித் தடவை என்று அண்ணன் சொன்னதும்தான் மனதில் ஓடின. என் கையால்தான் இந்தப் பிள்ளையின் படிப்பு போகப்போகிறது என்று நினைத்தேன்.

அவள் எழுந்து நின்றுவிட்டாள். மேடத்தின் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பிச் சொன்னாள், “மேடம், நான் எழுத்துச் சொல்லுறதுக்கு முந்தி அக்கா கை போயிருச்சு. அக்காவுக்கு டைப்பிங் தொழிலு, பழக்க தோஷம். அந்த வார்த்தைக்கு எனக்கு எழுத்துத் தெரியாது. அதான் அடிக்கச் சொன்னேன். என்ன பண்ணணுமோ பண்ணுங்க மேடம்.”

மேடம் பேப்பரைக் கையில் எடுத்தார். அடித்த வார்த்தையைப் பார்த்தார். அது சரியான எழுத்தில்தான் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“உக்காரும்மா” என்றார் கடைசியில். “முழுசாங்கிறதுக்கு உனக்குத் தெரிஞ்ச வேற வார்த்தை இருந்தா சொல்லு. டைம் போகுதுல்ல.”

அவள் உட்கார்ந்தாள். ஒரு மூச்சு இழுத்துவிட்டு, “கம்ப்ளீட்” என்றாள். ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள். அவள் சொன்ன பிறகுதான் ஒவ்வோர் எழுத்தையும் எழுதினேன். மேடம் இப்போது நாற்காலியை எங்கள் பக்கத்திலேயே போட்டு உட்கார்ந்துகொண்டார். அதற்கப்புறம் என் பேனா ஒரு புள்ளியைக்கூட முந்தி வைக்கவில்லை.

பார்வையில்லாதவர்களுக்குத் தரும் கூடுதல் நேரம் இருந்ததால், எழுதி முடித்த பிறகும் நேரம் மிச்சமிருந்தது. எல்லாப் பிள்ளைகளிடமும் கேட்கும் பழக்கத்தில் மேடம் கேட்டார், “எழுதுனத ஒரு தடவ படிச்சுப் பாத்தாச்சா?”

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவருக்கே உறைத்தது போலிருந்தது. அவள் மட்டும் சிரித்துக்கொண்டே சொன்னாள், “நான் எழுதுன பரீட்சைய நான் இதுவரைக்கும் படிச்சதே இல்ல மேடம். கண்ணு போனதுக்கப்புறம் ஒண்ணுகூட.”

“எழுத வந்தவங்க படிச்சுக் காட்ட மாட்டாங்களா?”

“நேரம் இருக்காது. கேக்கவும் எனக்குத் தோணுனதில்ல.”

நான் படிக்கிறேன் என்று பேப்பரை எடுத்தேன். நடந்த கலவரத்தில் முதல் வரியையே இரண்டு தடவை தப்பாகப் படித்தேன். மேடம் கையை நீட்டிப் பேப்பரை வாங்கிக்கொண்டார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வகுப்பில் பாடம் வாசிப்பதைப் போல, முதல் பக்கத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தார். நிறுத்தி, நிதானமாக, ஒவ்வொரு வாக்கியமாக.

அவள் மேஜை விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, தலையைச் சாய்த்துக் கேட்டாள். உதடுகள் கூடவே அசைந்தன. ஒரு வரி நன்றாக அமைந்திருந்த இடத்தில் முகம் மலர்ந்தது. ஓரிடத்தில் ‘அய்யோ’ என்று நாக்கைக் கடித்தாள். அந்த வரியை மாற்றச் சொன்னாள், மாற்றினேன். ‘ஆல்தோ’ வந்த இடத்தில் ஆவலை அடக்க முடியாமல் கேட்டுவிட்டாள், “மேடம், அதுல நாலு எழுத்தும் சரியா இருக்கா?”

“அத நான் சொல்லக் கூடாது” என்றார் மேடம், குரலில் கண்டிப்பு கொஞ்சமும் குறையாமல். “என்ன எழுத்து இருக்குன்னு வேணா வாசிக்கிறேன். சரியா தப்பான்னு நீதான் முடிவு பண்ணணும்.” ஒவ்வோர் எழுத்தாக வாசித்தார். அவள் விரல்களில் எண்ணிக்கொண்டு, “அப்படியே இருக்கட்டும் மேடம்” என்றாள்.

கடிதத்தில் அந்த இடம் வந்தபோது, “இங்க ஒரு வார்த்தை அடிச்சிருக்கு” என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே வாசித்துக்கொண்டு போனார்.

முடிந்ததும் பேப்பரை நூல் கட்டி எடுத்துக்கொண்டு, வேறெதுவும் பேசாமல் போய்விட்டார். நாங்கள் நன்றி சொன்னது அவர் காதில் விழுந்ததா என்றுகூடத் தெரியாது. அவர் பெயரையும் கேட்டு வைக்கவில்லை.

வெளியே அவள் அம்மா ஓடி வந்தார். “எப்படித்தா எழுதுனீக?” என்று என்னைத்தான் கேட்டார்.

“நான் எங்க எழுதுனேன், உங்க மகதான் எழுதுனா” என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த அம்மா பயந்துபோய் மகளைப் பார்த்தார். அவளோ கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, “பசிக்குதும்மா, முதல்ல சாப்டுவோம்” என்றாள்.

ரிசல்ட் வந்த அன்று அவள் நம்பரைப் போட்டுப் பார்த்தது என் கடை கம்ப்யூட்டரில்தான். பெரிய மார்க் ஒன்றும் இல்லை. பாஸ் மார்க்குக்குச் சற்று மேலே. போனில் சொன்னேன். எவ்வளவு என்று கேட்டாள். சொன்னதும், “கொஞ்சந்தான். ஆனா அத்தனையும் என்னுது” என்றாள்.

இப்போது தேனியில் வேலை பார்க்கிறாள். ஊரிலிருந்து தேனிக்குத் தனியாகவே பஸ்ஸில் போய் வருகிறாள். எப்போதாவது எனக்குப் போனில் ஒரு குரல் பதிவு வரும். ஏதாவது ஒரு வார்த்தையின் சத்தம், அதற்கு எழுத்து என்ன என்று கேட்டு. நானும் தெரியாத வார்த்தை வந்தால் எழுத்தைச் சொல்லி அனுப்புவேன், அவள் சத்தத்தை அனுப்புவாள். 

அந்தப் பரீட்சைக்குப் போகும்போது, பாவம் ஒரு பிள்ளைக்கு உதவப் போகிறோம் என்ற நினைப்புதான் எனக்கு இருந்தது. அவள் என்னிடம் கேட்டது கையை மட்டும்தான். அதற்கு மேலே நான் கொடுக்க நினைத்தது எல்லாம், உண்மையில் அவளிடமிருந்து எடுத்துக்கொள்வதுதான் என்பது அந்த அறையில்தான் எனக்குப் புரிந்தது.

எங்கள் கடைக்கு மனு எழுத வருபவர்களில் பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. முன்பெல்லாம் அவர்கள் சொல்வதில் பாதியைக் கேட்டுவிட்டு, மீதியை நானே நன்றாகப் போட்டு, பிரிண்ட் எடுத்து, கையெழுத்துக்கு இடம் காட்டிவிடுவேன். இப்போது அப்படி முடிவதில்லை. பிரிண்ட் எடுக்கும் முன்னால், திரையில் இருப்பதை முதல் வரியிலிருந்து சத்தமாகப் படித்துக் காட்டுகிறேன். சிலர், “நீங்க எழுதுனா சரியாத்தான்த்தா இருக்கும், சீக்கிரம் குடுங்க” என்று அவசரப்படுவார்கள். இன்னும் சிலர் பாதியில் நிறுத்தச் சொல்லி, “இது நான் சொன்னதில்லையே” என்பார்கள். அப்போதெல்லாம் எனக்குக் கோபம் வருவதில்லை. அந்த வரியை அழித்துவிட்டு, அவர்கள் வாயைத் திறக்கும்வரை கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன்.